பொய்ப் பிள்ளைத்தாய்ச்சி

அன்றைக்கும் சின்னவள் செத்துத்தான் போனாள்.

வயிற்றில் கட்டியிருந்த ரப்பர்ப் பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் கடைசிச் சொட்டுவரை வடிந்து, கட்டில் விளிம்பைத் தாண்டி, கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியில் விழுந்து முடிந்தது. மூலையில் நின்றிருந்த பயிற்சியாளர் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். அவர் எப்போதும் நல்லதை முதலில் சொல்லிவிடுவார். எல்லோரும் கையுறை போட்டிருந்தது நன்றாக இருந்ததாம். பொம்மைக் குழந்தையை உடனே துடைத்துச் சுற்றியது நன்றாக இருந்ததாம். எல்லாம் சொல்லிவிட்டு, பால் திரிந்துபோச்சு என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்: "ஆனா, நோயாளி இறந்துட்டாங்க."

நோயாளி எழுந்து உட்கார்ந்து, நனைந்த பாவாடையைப் பிழிந்தாள்.

அவள் வேலையே அதுதான். அக்காவின் பேறுகாலத்துக்குத் துணையாக இருக்க விமானம் ஏறி வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் தேடியபோது கிடைத்த வேலை. பிரசவ வார்டில் இருப்பவர்கள் ஆபத்துக் காலத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பழகுவதற்கு ஒரு தாய் வேண்டும். முழு உருவ பொம்மை வாங்க அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வசதியில்லை. அதனால் அவள் வயிற்றில் ரப்பர்ப் பையைக் கட்டி, அதற்குள் பொம்மைக் குழந்தையையும் சிவப்புத் தண்ணீரையும் வைத்து, போர்வைக்கு அடியில் ஒரு சின்னத் திருகுக் குழாயை அவள் வலது கையில் கொடுத்துவிட்டார்கள். குழந்தை வெளியே வந்ததும் அவள் திருகைத் திறக்க வேண்டும். வார்டு ஆட்கள் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தால் மூட வேண்டும். செய்யாவிட்டால் மூடக் கூடாது. வார்டில் அவளுக்குப் 'பொய்ப் பிள்ளைத்தாய்ச்சி' என்று பேர் விழுந்துவிட்டது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் போனில் சொன்னாள். மகள் நர்ஸாகிவிட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள்.

செத்துச் செத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதுவும் ஒரே காரணத்துக்காக ஒருத்தி எத்தனை தடவை சாவது?

காரணம் வார்டில் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளர் ஒருவருக்குத்தான் தெரியாது, அவர் வெளி ஆள். டாக்டரம்மாவும் பெரிய சிஸ்டரும் பேசிக்கொள்வதில்லை. பெரிய சிஸ்டரின் மகனைக் கட்டியவள்தான் டாக்டரம்மா. வீட்டில் மாமியார் வைத்தது சட்டம், வார்டில் மருமகள் வைத்தது சட்டம். இரண்டு சட்டமும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு, ஒன்றும் உள்ளே போகாமல் நின்றன. தனிக்குடித்தனம் போகக் கேட்டதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். நிஜக் காரணம் ஒரு திரைச்சீலை. மகனும் மருமகளும் வெளியே போயிருந்த நேரத்தில், அவர்கள் படுக்கையறைத் திரைச்சீலையை மாமியார் கழற்றிவிட்டுத் தனக்குப் பிடித்த ஒன்றை மாட்டிவைத்தார். மருமகள் திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அதைக் கழற்றி மடித்துக் கொண்டுபோய் மாமியார் கட்டில்மேல் வைத்தாள். அவ்வளவுதான். அதோடு இரண்டு வாயும் பூட்டிக்கொண்டன.

சாதாரணப் பிரசவத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அவரவர் வேலை அவரவருக்கு அத்துப்படி. வாய் திறக்காமலே பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு ரத்தம் நிற்காமல் கொட்டினால் கதை வேறு. ஒருத்தர் சொல்ல வேண்டும், ஒருத்தர் செய்ய வேண்டும், செய்தவர் செய்தாச்சு என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த ஊசி, எவ்வளவு என்று டாக்டர் சொல்லாமல் சிஸ்டர் போட முடியாது. இளைய நர்ஸ் ஒருத்தி உண்டு. ரத்தம் கொட்டுகிறது என்றதும் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கும் ரத்த அறைக்கு, ஏற்ற ரத்தம் வாங்கி வர, ஓட வேண்டியது அவள் பொறுப்பு. அவளை எல்லோரும் ஓட்டக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவள் ஓடிப் போனதும் அறையில் மிஞ்சுவது மாமியாரும் மருமகளும், நடுவில் சின்னவளும்.

டாக்டரம்மா கருப்பையை மேலிருந்து அழுத்திப் பிசைந்துகொண்டே, சின்னவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவாள்: "அவங்கள ஊசிய எடுக்கச் சொல்லும்மா."

பெரிய சிஸ்டர் ஊசித் தட்டை வைத்துக்கொண்டு, அவரும் சின்னவளைத்தான் பார்ப்பார். "எந்த ஊசின்னு வாயத் தொறந்து சொன்னாத்தானே எடுக்க முடியும்? கேளும்மா."

உயிர் போய்க்கொண்டிருக்கிறவளைத் தபால்காரியாக்கிவிட்டார்கள். சின்னவளும் விதியே என்று அங்கிருந்து வாங்கி இங்கே கொடுத்து, இங்கிருந்து வாங்கி அங்கே கொடுப்பாள். கேட்டால் பதில் சொல்லலாம், தானாக எதையும் சொல்லித்தரக் கூடாது என்பது அவளுக்கு இட்ட கட்டளை. தபால் போய் வருவதற்குள் பை காலியாகிவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பயிற்சியாளருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நோயாளியோட கடைசி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தீங்க பாருங்க, அது ரொம்ப அருமை" என்று பாராட்டினார்.

அப்புறம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, எங்கே தவறியது என்று பேசுவார்கள். அதற்கும் ஒரு விதி உண்டு, யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. நல்ல விதிதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று இழுக்கிறது என்பார் ஒருவர். விளக்கில் கண் கூசுகிறது என்பார் இன்னொருவர். யானை வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் எறும்பு தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நோயாளிக்கு எப்படி இருந்தது என்று பயிற்சியாளர் கேட்டார்.

"செத்த மாதிரி இருந்துச்சு சார்" என்றாள் சின்னவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிக்க முடியாததற்குக் காரணம் வீட்டில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தது. அக்கா பெரியவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. உடம்பில் ரத்தம் கம்மி, பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் தாங்காது என்று இதே டாக்டரம்மாதான் சொல்லியிருந்தாள். பிரசவமும் இதே வார்டில், இதே இரண்டு பேர் கையில்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்குப் பொழச்சியா?" என்பதுதான். வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு, சினிமா முடிவைக் கேட்பதுபோலக் கேட்பாள்.

"பொழச்சேன்க்கா" என்பாள் சின்னவள்.

"நல்லா பாத்துக்கிட்டாங்களா?"

"தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க."

அந்தப் பொய்யை நம்பித்தான் பெரியவள் நிம்மதியாகத் தூங்கினாள். வேன் ஓட்டும் மாமா, பெரியவளின் புருஷன், சாப்பிட்டுக்கொண்டே, படுத்தபடி சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நம்ம வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேலி செய்வார். மாமாவின் கேலிக்குப் பதில் கொடுக்காமல் சின்னவள் விட்டதில்லை. இப்போது எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். பெரியவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தங்கைக்கு வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் வாயைத் திறந்துவிட்டாள். பெரிய சிஸ்டர் நல்ல மனுஷி. பயிற்சி முடிந்ததும் சின்னவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சாயம் போகும்வரை கையைத் தேய்த்துக் கழுவிவிடுவார். அப்படித் தேய்க்கும்போது சின்னவள் மெதுவாக ஆரம்பித்தாள். எங்கக்காவுக்கு ரத்தம் கம்மி சிஸ்டர், நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசினா நல்லா இருக்கும் என்றாள்.

சிஸ்டரின் கை நின்றது. "நான் பேச மாட்டேன்னா சொன்னேன்? அவ என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் ஊசி போட்டுட மாட்டேன்?" என்றார். சோப்பை அழுத்தி வைத்தார்.

சரி, பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். படிப்பில் பரிசு வாங்கியவள், பாவம், அவளுக்கும் பயம்.

"மாமியார நான் எப்படிங்க ஏவறது? போடுங்க, எடுங்கன்னு அதிகாரம் பண்ணா, சாயங்காலம் அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? அவங்களா ஒரு தடவை என்ன போடணும்னு கேட்டா, நான் சொல்லிட்டுப் போறேன்."

அவர் கேட்க மாட்டார், இவள் சொல்ல மாட்டாள். சின்னவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இவர்கள் கௌரவத்துக்கு எங்கக்கா உயிரா கிடைச்சுது? அந்தத் திரைச்சீலையைத் தைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால் என்றுகூடத் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியின் தலைமையிடத்திலிருந்து சோதனை பார்க்க ஆள் வரப் போகிறார் என்ற செய்தி வந்தது. வார்டு ஆட்கள் ஒரு ஆபத்தைச் சமாளித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இங்கே பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எல்லோரையும் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்தப் பாலத்து நெரிசலில் வண்டி நின்றால் நின்றதுதான். பெரியவளை ஒருமுறை பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, பாலத்தின் நடுவில் வேனுக்குள்ளேயே அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி மேனேஜர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார். சுற்றி வளைத்து, வார்டைப் பற்றியும் ஊழியர்களைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"திருகு உன் கையிலதானேம்மா இருக்கு. கொஞ்சம் பாத்து மூடிடு."

மூடலாம்தான். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மூடினால், மாமியாரும் மருமகளும் தேறிவிட்டோம் என்று சான்றிதழோடு வந்து அக்காவைத் தொடுவார்கள். அக்காவுக்குள் திருகு இல்லை. மூடாவிட்டால் அக்கா பாலத்தில் கிடப்பாள். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. அன்று இரவு பெரியவள் கேட்ட கேள்விக்குச் சின்னவளால் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குத்தான் தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அறையில் ஒரே கூட்டம். தலைமையிடத்திலிருந்து வந்த அம்மாள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்தால் காலையில் ஏதோ புளிப்பாகச் சாப்பிட்டவர் போல இருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர், அவருக்குப் பின்னால் மேனேஜர். சின்னவள் முக்கினாள், முனகினாள், கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். பழகிப் பழகி அதில் அவள் கைதேர்ந்திருந்தாள். பொம்மை வெளியே வந்தது. துடைத்தார்கள், சுற்றினார்கள், மார்மேல் வைத்தார்கள். எல்லாம் அழகாக நடந்தது. அவள் திருகைத் திறந்தாள்.

தொடையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் இறங்கியது. டாக்டரம்மா போர்வையைத் தூக்கிப் பார்த்ததும், ஓட்டக்காரி சொல்லாமலே ஓடினாள். டாக்டரம்மா கருப்பையை அழுத்தத் தொடங்கினாள். சிஸ்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பேரும், சொல்லிவைத்ததுபோல, குனிந்து சின்னவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு முகத்தையும் ஒன்றாகப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ பொங்கியது. கோபம்தான். எத்தனை நாள் கோபம். கையிலிருந்த திருகு வழுக்கியது. மேனேஜர் தொண்டையைக் கனைப்பது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் இருக்கிறவரைக்கும் இவர்கள் பேச மாட்டார்கள். தபால்காரி இருக்கும்போது எவள் நடந்துபோய்ச் செய்தி சொல்லுவாள்?

திருகை அப்படியே திறந்துவைத்துவிட்டு, சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டாள். அவளுக்குக் கொடுத்திருந்த குறிப்பின்படி மயக்கம் வர இன்னும் வெகு நேரம் இருந்தது.

"அவங்கள அந்த ஊசிய..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா நிறுத்தினாள். "இந்தாம்மா?"

பதில் இல்லை.

"எந்த ஊசின்னு கேளு..." என்ற சிஸ்டரும் நிறுத்தினார். அவர் கை வந்து சின்னவள் கன்னத்தைத் தட்டியது, நிஜமாகவே வலிக்கும்படி. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அறையில் தொட்டியில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிவப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பையின் கனம் வயிற்றில் குறைவதை அவளால் உணர முடிந்தது. வாயைத் தொறங்க, யாராவது ஒருத்தர் வாயைத் தொறங்க என்று மனதுக்குள் கெஞ்சினாள், திட்டினாள், அக்காவின் வீங்கின காலை நினைத்துக்கொண்டாள். பை பாதிக்கு மேல் போய்விட்டது.

"அத்தை."

வார்டுக்குள் யாரும் கேட்டிராத சொல் அது. டாக்டரம்மாவின் குரல்தான். "கருப்பை சுருங்கற ஊசி, முழு அளவு, தொடையில. இப்பவே. போட்டுட்டு எனக்குச் சொல்லுங்க."

"சுருங்கற ஊசி, முழு அளவு, தொடையில" என்று சிஸ்டர் திருப்பிச் சொன்னார். ஒரு கணம். "போட்டாச்சு. நீ இங்க அழுத்தாதம்மா. இன்னும் கீழ. பயப்படாம அழுத்து."

"அழுத்தறேன். சிறுநீர்ப் பை நிறைஞ்சிருக்கு அத்தை, குழாய் போடுங்க. ஓட்டக்காரி ரத்தத்தோட எங்க வந்துட்டிருக்கான்னு கேளுங்க."

"குழாய் போட்டாச்சு. ரத்தம் வழியில வருது. இத சொல்றதுக்கா உனக்கு இவ்வளவு நாளாச்சு?"

"நீங்க மூஞ்ச திருப்பிக்கிட்டு நின்னா சுவத்துக்கிட்டயா சொல்றது?"

"திருப்பினது யாரு? மடிச்சுக் கொண்டாந்து கட்டில்மேல வெச்சது யாரு?"

"கேக்காம மாட்டினது யாரு? இன்னொரு ஊசி தயாரா வைங்க."

"வெச்சாச்சு. பூப்போட்டது உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்டி."

இரண்டு பேர் வாயும் நிற்கவில்லை, கைகளும் நிற்கவில்லை. இவ்வளவு சரியாக, இவ்வளவு வேகமாக அவர்கள் ஒருநாளும் செய்ததில்லை. பையில் கடைசிக் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது சின்னவள் திருகை மூடினாள். நியாயமாகத்தான் மூடினாள்.

நாற்காலி வட்டத்தில் பயிற்சியாளர் முதல் தடவையாக நல்லதைச் சொல்ல மறந்துபோனார். நோயாளி இவ்வளவு சீக்கிரம் மயங்கியிருக்கக் கூடாதே என்று சின்னவளைப் பார்த்தார். ரத்தம் போன வேகத்துக்குத் தாங்கவில்லை சார் என்றாள் அவள். கன்னம் இன்னும் எரிந்தது. புளிப்பு முகத்து அம்மாள் எழுந்து, பேச்சு தேவைக்கு மேல் சத்தமாக இருக்கிறது, திரைச்சீலை எந்தச் சிகிச்சையில் வருகிறது என்று தமக்குப் புரியவில்லை, மற்றபடி வார்டு நடக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

அன்று சாயங்காலம் பெரியவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். சின்னவள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இதுவரை சொன்னது எல்லாமே பொய்க்கா, இன்னிக்குத்தான் பொழச்சேன் என்றாள். பெரியவள் ஈரக் காலாலேயே ஒரு உதை விட்டாள்.

சில நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், பெரியவளுக்கு வலி எடுத்தது. சின்னவளும் மாமாவும் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா வேன் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை அழுகிற சத்தம் வந்தது. மாமா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிறகு கதவு படாரென்று திறந்து ஓட்டக்காரி வெளியே பாய்ந்தாள். யாரையும் பார்க்காமல் ரத்த அறைப் பக்கம் ஓடினாள்.

சின்னவளின் வலது கை தானாக மூடிக்கொண்டது. உள்ளங்கையில் திருக ஒன்றும் இல்லை.

உள்ளே சத்தமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. கதவில் காதை வைத்தாள். மறுபடி ஆரம்பிச்சுட்டாங்களா, பாவிங்களா, எங்கக்காவையா பாத்துக்கிட்டு நிக்கறீங்க என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

"அத்தை, கைய எடுங்க, நான் பாத்துக்கறேன். ஊசி போட்டாச்சா?"

"நீ சொன்னதுமே போட்டாச்சு. மூஞ்ச திருப்பிக்கிட்டு நிக்க நான் என்ன பழைய ஆளா? நீ கீழ அழுத்து."

"கீழதான் அழுத்தறேன், உங்களுக்குக் கண்ணு தெரியல."

"எனக்கா கண்ணு தெரியல?"

குரல்கள் ஏறின, மேலும் ஏறின. ஓட்டக்காரி பெட்டியோடு திரும்பி வந்து உள்ளே நுழைந்தாள். மாமா கதவுப் பக்கம் வந்துவிட்டார். "என்ன சின்னது, உள்ள சண்டை போட்டுக்கறாங்க? நான் போய் யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார்.

சின்னவள் ஓங்கிய கையை இறக்கி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடட்டும் மாமா" என்றாள். "நிறுத்தினாங்கன்னா மட்டும் சொல்லுங்க."

நிறுத்தவில்லை. ரத்தம் நின்றுபோச்சு என்று டாக்டரம்மா கதவைத் திறந்து சொன்ன பிறகும், உள்ளே பெரிய சிஸ்டர் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவர் குரலுக்கு நடுவில், சோர்ந்துபோய், ஆனால் கோபமாக, பெரியவள் சொல்வது கேட்டது:

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, புள்ள பயந்துக்குது."